ஆறாத புண்ணும் தட்டணுச் சிகிச்சையும்
வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

காலில் ஏற்பட்ட சிறு புண் மாதக்கணக்கில் ஆறாமல் நின்று, கடைசியில் ஒரு விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களை ஊருக்கு ஊர் நாம் பார்க்கிறோம். அவர்களில் கடை வைத்திருப்போர் பலர். கால் போனால் ஒரு மனிதரின் நடமாட்டம் மட்டும் நின்றுபோவதில்லை. கொள்முதல், வசூல், மண்டி, வங்கி என்று அவர் சுற்றிவந்த அத்தனையும் நிற்கிறது. ஒருவரே முதலாளியாகவும் கணக்குப்பிள்ளையாகவும் இருக்கும் சிறு கடையில் இதற்கு மாற்று ஆளும் கிடையாது.

இத்தகைய புண்களுக்கு, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே மருந்து தயாரித்துப் பூசும் முறை ஒன்று இருக்கிறது. ‘பிளேட்லெட் சிகிச்சை’, ‘பி.ஆர்.பி.’ என்ற பெயர்களில் பெரிய நகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் இது செய்யப்படுகிறது. முடி வளர, முகம் பொலிவு பெற என்றெல்லாம் இதே பெயரில் விளம்பரங்கள் வருவதால், இது உண்மையா, வெறும் வியாபாரமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. புண்ணைப் பொறுத்தவரை இது உண்மையான சிகிச்சைதான். ஆனால் அது எந்தப் புண்ணுக்கு, எந்த நிலையில், எவ்வளவு பலன் தரும் என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

நம் தொழிலும் நம் காலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து, 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. வயது வந்தோரில் இது 100க்கு 11 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 100க்கு 14 பேருக்கு மேல்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும், சூடு பட்டாலும், செருப்பு கடித்தாலும் தெரிவதில்லை. கூடவே காலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் குறுகுகின்றன. காயம் பட்டது தெரியாது, பட்ட காயத்துக்குப் போதிய இரத்தமும் வராது.

இதனுடன் நம் தொழிலின் பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. கடைக்குள் செருப்பு அணிவதில்லை. சிமென்ட் தரையில் காலை முதல் இரவு வரை வெறுங்காலுடன் நிற்கிறோம். தரையில் கிடக்கும் ஸ்டேப்ளர் பின், மரப்பெட்டி ஆணி, சாக்குத் தைக்கும் கோணி ஊசி என்று காலைக் குத்தக் காத்திருப்பவை ஏராளம். வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் நடந்து வந்த பிறகுதான் உள்ளங்காலில் கொப்புளம் இருப்பதைப் பார்க்கிறோம். பிறகு மஞ்சள் தூளும் காப்பித் தூளும் அப்பிக்கொண்டு, பண்டிகை வியாபாரம் முடியட்டும் என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறோம். புண் முற்றுவது இந்த நாட்களில்தான்.

தட்டணு என்பது என்ன?

டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் ‘பிளேட்லெட் குறைந்துவிட்டது’ என்ற பேச்சை எல்லாரும் கேட்டிருப்போம். அந்தப் பிளேட்லெட்தான் தட்டணு. சிவப்பணு, வெள்ளையணு போல இதுவும் இரத்தத்தில் மிதப்பது. ஆனால் அவற்றைவிட மிகச் சிறியது. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒருவகைப் பெரிய உயிரணுக்கள் உதிர்க்கும் துணுக்குகளே தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இவை இருக்கும். ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு வாரம் முதல் பத்து நாள்தான். புதியவை இடைவிடாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும்.

1882இல் இத்தாலிய மருத்துவ அறிஞர் ஜூலியோ பிட்சொட்சேரோ, இரத்தம் உறைவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று விளக்கினார். அடிபட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உடைந்த குழாயின் வாயை அடைக்கின்றன. நீண்ட காலம் இது மட்டுமே இவற்றின் வேலை என்று கருதப்பட்டது.

1974இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகள் இன்னொரு வேலையையும் காட்டின. தட்டணுக்களுக்குள் நுண்ணிய பைகள் உள்ளன. அவற்றில் ‘வளர்ச்சிக் காரணிகள்’ எனப்படும் புரதங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. இரத்தம் உறையும்போது இந்தப் பைகள் திறந்து, புரதங்கள் வெளிவருகின்றன. சதை வளர்க்கும் உயிரணுக்களை ஒரு புரதம் அழைக்கும். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க இன்னொன்று தூண்டும். மேல்தோல் படர மற்றொன்று உதவும். அதாவது, உடைந்ததை அடைப்பதோடு, பழுது பார்க்கும் ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவதும் தட்டணுக்களின் வேலை.

புண் ஏன் ஆறாமல் நிற்கிறது?

சாதாரணக் காயம் நான்கு கட்டங்களில் ஆறுகிறது. முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்து அந்த இடம் சிவந்து வீங்கி, வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த சதையையும் அப்புறப்படுத்துகின்றன. மூன்றாவதாகப் புதிய சதை வளர்ந்து குழி நிரம்புகிறது. கடைசியில் தோல் மூடித் தழும்பு உறுதிப்படுகிறது.

ஆறாத புண் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. கிருமிகள் பாசிபோல் ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. வெள்ளையணுக்கள் ஓயாமல் போராடுகின்றன. அந்தப் போராட்டத்தில் வெளிப்படும் செரிமானப் பொருள்கள், உடல் அனுப்பும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்துக் கரைத்துவிடுகின்றன. எவ்வளவு அனுப்பினாலும் போய்ச் சேருவதில்லை. அப்படியானால் அந்தக் காரணிகளைச் செறிவாகச் சேர்த்து, புண்ணின் மேலேயே நேரடியாக வைத்தால் என்ன என்ற எண்ணத்தில்தான் தட்டணுச் சிகிச்சை பிறந்தது.

சிகிச்சை செய்யும் விதம்

நோயாளியின் கையிலிருந்து இரத்தம் எடுக்கப்படுகிறது. முறைக்கு முறை அளவு மாறுபடும். சிலவற்றுக்கு 10 மில்லி போதும், சிலவற்றுக்கு 50 மில்லிக்கு மேலும் தேவைப்படும். அந்தக் குழாயை வேகமாகச் சுழலும் எந்திரத்தில் வைத்துச் சுற்றுகிறார்கள். தயிர் கடைந்தால் வெண்ணெய் பிரிவதுபோல, எடைக்கு ஏற்ப இரத்தம் அடுக்குகளாகப் பிரிகிறது. கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். வைக்கோல் நிறமான பிளாஸ்மா நீர் மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் மெல்லிய படலமாகச் சேரும். தட்டணு மிகுந்த பகுதியை மட்டும் பிரித்து எடுத்தால், சாதாரண இரத்தத்தில் இருப்பதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை செறிவு கிடைக்கும்.

இதைக் கால்சியம் சேர்த்து உறைய வைத்துக் கூழாகப் பூசுவது ஒரு முறை. உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் உடனே சுழற்றி, தானாக உறையும் நார்க் கட்டியை எடுத்து வைப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையை 2001இல் பிரான்சில் ஜோசஃப் ஷூக்ரூன் என்ற மருத்துவர் முதலில் வாய் அறுவைச் சிகிச்சைக்காக அறிமுகப்படுத்தினார். இன்று புண்ணுக்கும் அது பயன்படுகிறது. நம் நாட்டில் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் வரும் புண்களுக்கும் தோல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

எந்த முறையானாலும், முதலில் செத்த சதையை வெட்டிப் புண்ணைச் சுத்தப்படுத்துவார்கள். பிறகு தட்டணுக் கூழையோ கட்டியையோ வைத்து, ஒட்டாத துணியால் மூடிக் கட்டுவார்கள். சில நாள், பெரும்பாலும் ஒரு வாரம், கட்டைப் பிரிக்காமல் விடுவார்கள். இது வாரந்தோறும் தொடரும். ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

சொந்த இரத்தம் என்பதால் வகை பொருந்துமா என்ற கவலை இல்லை. மற்றவரிடமிருந்து நோய் தொற்றும் அச்சமும் இல்லை. ஆனால் ஒரே நாளில் பலருக்குச் செய்யும் இடத்தில் குழாய் மாறிவிட்டால் இந்த இரண்டு பாதுகாப்பும் போய்விடும். உங்கள் எதிரிலேயே குழாயில் பெயர் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. அந்தப் பெயரைச் சொல்லி அதிகத் தொகை கேட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

பலன் எவ்வளவு?

அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவிட் நைட்டன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் குழுவினரும் 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாக 198 வாரங்கள் வழக்கமான சிகிச்சை பெற்றும் புண் ஆறாத 49 பேருக்குத் தட்டணுக் காரணிகளைக் கொடுத்ததில், சராசரியாக 10.6 வாரங்களில் புண் முழுமையாக ஆறியது என்பது செய்தி. மருத்துவ உலகில் பெரும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. அவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்து, நல்ல கவனிப்பும் கொடுத்திருந்தார்கள். ஆறியது தட்டணுவாலா, கவனிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், போதிய சான்று இல்லை என்று 1992இல் இதற்குப் பணம் தர மறுத்தது. 2012இல், ஆய்வில் சேரும் நோயாளிகளுக்கு மட்டும் தருவதாகச் சொன்னது. 2021இல்தான், ஆறாத சர்க்கரைப் புண்களுக்கு, அனுமதி பெற்ற கருவியால் தயாரிக்கப்பட்டால், 20 வாரங்கள் வரை பணம் தர ஒப்புக்கொண்டது. சரக்கின் தரத்தைப் பார்க்காமல் பட்டியலுக்குப் பணம் கொடுப்பதில்லை என்பது நமக்கும் பழக்கமான நியாயம்தான்.

பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வு 2018இல் வெளியானது. பிரிட்டன், டென்மார்க், சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் பாத மருத்துவ நிலையங்களில் அது நடந்தது. முதல் நான்கு வாரம் எல்லாருக்கும் முறையான வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். அதிலேயே பாதியளவு சுருங்கிய புண்களை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். மிஞ்சிய பிடிவாதமான புண்களில் 132 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன், சொந்த இரத்தத்தில் செய்த வெள்ளையணு, தட்டணு, நார் ஆகியவை சேர்ந்த வில்லை வாரந்தோறும் வைக்கப்பட்டது. 134 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுக்கப்பட்டது. புண் ஆறிவிட்டதா என்று பார்த்துச் சொன்னவருக்கு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது தெரியாது.

20 வாரங்களில் வில்லை வைத்தவர்களில் 45 பேருக்கு ஆறியது. அதாவது 100க்கு 34. மற்றவர்களில் 29 பேருக்கு, அதாவது 100க்கு 22.

இந்தக் கணக்கை நம் முறையில் போட்டுப் பார்ப்போம். 100 பேருக்குச் செய்தால், சாதாரணமாக ஆறுபவர்களைவிட 12 பேருக்கு அதிகமாக ஆறுகிறது. ஒருவருக்குக் கூடுதல் பலன் கிடைக்க, ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இச்சிகிச்சை செய்ய வேண்டும். 20 வாரம் செய்தும் 66 பேருக்கு முழுமையாக ஆறவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. காலை இழக்கும் ஆபத்தில் இருப்பவருக்கு 12 பேர் என்பது சிறிய எண் அல்ல. ஆனால் ‘நூற்றுக்கு நூறு உத்தரவாதம்’ என்ற விளம்பரம் இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது.

எல்லாத் தட்டணு முறைகளுக்கும் இந்த அளவு சான்று இல்லை. 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு அதற்கு முன் நடந்த 10 ஆய்வுகளை, மொத்தம் 442 நோயாளிகளை, அலசியது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் பலன் இருக்கலாம், ஆனால் சான்றின் தரம் குறைவு என்றது. மற்றப் புண்களில் பலன் தெளிவில்லை என்றது. எனவே சுருள் நரம்புப் புண்ணுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் இதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் முடிக்க வேண்டிய வேலைகள்

2018 ஆய்வில் வில்லை வைத்தவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தட்டணு அந்தச் சிகிச்சைக்கு மேல் வைக்கும் உதவி. அஸ்திவாரம் இல்லாமல் அது நிற்காது. அந்த அஸ்திவாரம் நான்கு வேலைகளால் ஆனது.

ஒன்று, இரத்த ஓட்டம். பாதத்தில் நாடி தொட்டுப் பார்த்து, தேவையானால் டாப்ளர் சோதனை செய்ய வேண்டும். குழாய் அடைத்திருந்தால் முதலில் அடைப்பை நீக்க வேண்டும். இரத்தம் வராத காலில் எதைப் பூசினாலும் வீண்.

இரண்டு, கிருமி. சீழ், நாற்றம், வீக்கம், காய்ச்சல் இருந்தால் அதற்கான மருந்தும் அறுவையும் உடனே வேண்டும். எலும்பு வரை தொற்று போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று, சர்க்கரை. இன்றைய சர்க்கரை அளவு மட்டும் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையும் தேவை. புகைப்பிடிப்பவர் அதை விட்டே ஆக வேண்டும்.

நான்கு, பாரம் இறக்குவது. நாம் அலட்சியம் செய்வது இதைத்தான். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் புண்ணின் மேலேயே திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் காரணம் என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பிவிட்டால் புண் ஆறியது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் வேலூர் வட்டாரத்தில் பரப்பிய எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுகிறது. வலியில்லை என்பதற்காகப் புண்ணோடு கடையில் நின்று வியாபாரம் பார்த்தால், வாரம் ஒரு முறை வைக்கும் தட்டணுவை நாள்தோறும் நாமே மிதித்து அழிக்கிறோம்.

யாருக்கு ஏற்றதல்ல?

தட்டணு எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள், இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. கிருமித் தொற்று அடங்காத புண்ணிலும் செய்யக் கூடாது. பல ஆண்டுகளாக ஆறாத புண் சிலருக்குப் புற்றாக மாறியிருக்கும். விளிம்பு தடித்து, பூப்போல் வளர்ந்து, அடிக்கடி இரத்தம் கசிந்தால் முதலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். வளர்ச்சியைத் தூண்டும் பொருளைப் புற்றின் மேல் வைப்பது ஆபத்து. இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற மருந்து சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

என் காலில் இரத்த ஓட்டம் சோதிக்கப்பட்டதா, முடிவு என்ன? எலும்பில் தொற்று இல்லை என்று உறுதியா? நான்கு வாரம் முறையான சிகிச்சை கொடுத்து, புண் சுருங்குகிறதா என்று பார்த்தாயிற்றா? எந்த முறை, எந்தக் கருவி? எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, கட்டும் மருந்தும் அதில் அடக்கமா? எத்தனை வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்துவீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லும் மருத்துவரிடம் செய்துகொள்ளலாம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், இச்சிகிச்சைக்குத் தொகை உண்டா என்று முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கணக்கு நோட்டு நம்மிடம் எப்போதும் உண்டு. அதில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, வாரம் ஒரு நாள் புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் குறித்து வையுங்கள். நான்கு வாரத்தில் பாதியாகக் குறைந்திருந்தால் நடக்கும் சிகிச்சையே போதும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. குறையவில்லையானால் அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள். அப்போது அடுத்த படியாகத் தட்டணுச் சிகிச்சை பற்றிப் பேசலாம்.

சர்க்கரை உள்ள நம் உறுப்பினர்கள் இரவு கடை அடைத்ததும், கல்லா எண்ணுவதுபோல் தவறாமல், இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம், அல்லது கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கடைக்குள் அணிவதற்கென்று தனியாக ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். தோல் கிழிந்தாலோ, கொப்புளம் கண்டாலோ, நிறம் மாறினாலோ மறுநாளே மருத்துவரிடம் போங்கள். கடையை அரை நாள் சாத்தினால் அரை நாள் வியாபாரம்தான் நட்டம்.